நன்னடத்தைக் கண்காணிப்பில் உமிழ்நீர்ச் சோதனை

குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், சில நிபந்தனைகளை விதித்து, ஓர் அலுவலரின் மேற்பார்வையில் தம் குடும்பத்தோடும் தொழிலோடும் வாழவிடுவதே நன்னடத்தைக் கண்காணிப்பு முறையாகும். நம் நாட்டில் 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இதற்கு வழிவகுத்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இம்முறை மிகப் பரவலாகக் கையாளப்படுகிறது. அங்கு விதிக்கப்படும் நிபந்தனைகளுள் முதன்மையான ஒன்று, போதைப்பொருள் உட்கொள்ளாதிருத்தல். அது காக்கப்படுகிறதா என்று அறிவதற்காக 1994ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் சோதனையைக் கட்டாயமாக்கியது. கண்காணிப்பில் விடப்பட்ட 15 நாள்களுக்குள் ஒரு சோதனையும், அதன்பின் குறைந்தது இரு சோதனைகளும் நடைபெற வேண்டும். மீண்டும் போதைப்பொருளை நாடும் வாய்ப்புக் குறைந்தவர் எனக் கருதப்படுவோருக்கு நீதிமன்றம் இதைத் தளர்த்தலாம். ஓராண்டுக் காலத்தில் மூன்று முறைக்கு மேல் சோதனையில் போதைப்பொருள் காணப்பட்டால், கண்காணிப்பை நீக்கிச் சிறைத்தண்டனை விதிக்க வேண்டும் என்னும் விதியும் பின்னர் சேர்க்கப்பட்டது. சிகிச்சைத் திட்டங்களைக் கருதி இதற்கும் விலக்கு அளிக்க இடமுண்டு.

ஆகவே சில துளி நீரில் ஒருவருடைய சுதந்திரம் அடங்கியிருக்கிறது. அத்துளிகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லா என்பதை நிர்வாகத்தில் இருப்போரும் மாணவர்களும் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

உமிழ்நீர் ஏன்?

இத்தகைய சோதனைகளுக்கு நெடுங்காலமாகச் சிறுநீரே பயன்பட்டு வருகிறது. இன்றும் அதுவே மிகுதி. அதில் உள்ள இடர்ப்பாடு யாவரும் அறிந்ததே. நீர் கலந்துவிடலாம், வேறொருவருடைய மாதிரியை மறைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிடலாம். இதைத் தடுக்க வேண்டுமாயின், அதே பாலினத்தைச் சேர்ந்த ஓர் ஊழியர் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சோதனைக்கு உட்படுபவருக்கு இது இழிவு. பார்ப்பவருக்கும் இது விரும்பத்தக்க பணியன்று. உமிழ்நீரையோ அலுவலரின் மேசைக்கு எதிரிலேயே எடுக்கலாம். வீட்டிற்குச் செல்லும்போதும் எடுக்கலாம். தனி அறையோ, கழிவறையோ தேவையில்லை. சோதனைக் கருவியின் விலையை மட்டும் ஒப்பிட்டு இரு முறைகளையும் மதிப்பிடுவோர், ஊழியரின் நேரத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகின்றனர்.

எடுக்கும் முறை எளியது. முதலில் வாயில் உணவு, புகையிலை முதலியன இல்லை என்று பார்த்து, பத்து நிமிடம் காத்திருக்கச் செய்வது நல்ல நடைமுறை. பின்னர் உறிஞ்சும் பஞ்சு பொருத்திய குச்சியை வாயில் வைத்திருக்க வேண்டும். கஞ்சாவும் ஆம்ஃபெட்டமைன் வகைகளும் வாயை உலரச் செய்வன. ஆதலால் போதிய அளவு ஊற நேரமாகலாம். வாய் உலர்ந்திருப்பதை மட்டும் கொண்டு ஒருவர் ஒத்துழைக்க மறுக்கிறார் என்று எழுதிவிடலாகாது; சாதாரண மருந்துகள் பலவும் இதே விளைவைத் தருகின்றன.

குருதியிலிருந்து வாய்க்கு

உட்கொண்ட பொருள் குருதியில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பிகளின் மெல்லிய சவ்வுகளைக் கடந்து வாய்க்கு வருகிறது. குருதியிலுள்ள புரதத்தோடு பிணையாமல் தனித்து நிற்கும் பகுதியே இவ்வாறு கடக்க வல்லது. உமிழ்நீர் பொதுவாகக் குருதியைவிடச் சற்று அமிலத்தன்மை மிகுந்தது. கோகெய்ன், ஆம்ஃபெட்டமைன், மார்ஃபின் போன்ற காரத்தன்மையுள்ள பொருள்கள் அங்கு வந்தபின் எளிதில் திரும்பிச் செல்வதில்லை. எனவே குருதியில் இருப்பதைவிடக் கூடுதலான அளவில் அவை உமிழ்நீரில் சேரக்கூடும்.

கஞ்சாவின் நிலை வேறு. அதன் போதைக் கூறு புரதத்தோடு இறுகப் பிணைவதால் குருதியிலிருந்து வாய்க்கு மிகச் சிறிதளவே வருகிறது. சோதனையில் காணப்படுவது பெரும்பாலும் புகைக்கும்போது வாயிலேயே படிந்ததாகும். அடைத்த அறையில் பிறர் விட்ட அடர்ந்த புகையில் இருந்தவரிடமும் சிறிது நேரத்திற்கு அது தென்படலாம். இதனாலேயே ‘எல்லை அளவு’ ஒன்று வகுக்கப்படுகிறது. அதற்குக் கீழே இருப்பது இல்லாததாகவே கொள்ளப்படும். அமெரிக்கக் கூட்டரசு ஊழியர்களின் பணியிடச் சோதனைகளுக்காக 2019இல் வெளியிடப்பட்டு 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நெறிமுறைகள், கஞ்சாவுக்கு முதற்கட்ட எல்லையாக ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமையும், உறுதிச் சோதனைக்கு 2 நானோகிராமையும் நிர்ணயித்தன. நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. இந்நெறிமுறைகள் நன்னடத்தைத் துறையைக் கட்டுப்படுத்துவன அல்ல.

உமிழ்நீரில் பெரும்பாலான பொருள்களை ஓரிரு நாள்கள் வரையே காண முடியும். சிறுநீரில் பல பொருள்கள் இரண்டு முதல் நான்கு நாள்கள் வரையிலும், நாள்தோறும் கஞ்சா புகைத்து வந்தவரிடம் சில வாரங்கள் வரையிலும் தடயம் இருக்கும். இதைக் குறை என்று மட்டும் கொள்ளலாகாது. கண்காணிப்பில் வருமுன் புகைத்ததையும், வந்தபின் புகைத்ததையும் வேறுபடுத்திக் காண்பது சிறுநீரில் கடினம். ‘நிபந்தனை விதித்த பிறகு மீறினாரா?’ என்பதே வினாவாயின் உமிழ்நீரின் விடை தெளிவானது. ‘கடந்த ஒரு மாதம் முழுவதும் விலகி இருந்தாரா?’ என்பது வினாவாயின், ஒரு தடவை எடுத்த உமிழ்நீரில் அதற்கு விடை இல்லை.

குறுகிய காலமே காட்டும் சோதனையை அறிவிக்காத நாளில் அடிக்கடி செய்தால்தான் பயன். ஹவாய் மாநிலத்தில் 2004இல் நீதிபதி ஸ்டீவன் ஆம் தொடங்கிய திட்டம் இவ்வகையில் புகழ்பெற்றது. கண்காணிப்பில் உள்ளவர் வேலைநாள்தோறும் காலையில் தொலைபேசியில் கேட்டு, தமக்குரிய நிறம் அறிவிக்கப்பட்டிருந்தால் அன்றே சென்று சோதனை தர வேண்டும். மீறினால் தண்டனை உடனடியாகவும் உறுதியாகவும் வரும். ஆனால் சில நாள்களே. அங்கு எடுக்கப்பட்டது சிறுநீரே எனினும் தத்துவம் பொதுவானது. 2009இல் வெளியான ஆய்வு மிக நல்ல பலன் கண்டது. பின்னர் நான்கு மாநிலங்களில் அதே முறையைப் பின்பற்றி, 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வில் அப்பலன் பொதுவாகத் தென்படவில்லை.

பிழையின் கணக்கு

உடனடிச் சோதனையில் ஒரு தாள் பட்டையின் மீது மாதிரி பரவுகிறது. பட்டையிலுள்ள எதிர்ப்பொருளுக்காக, மாதிரியில் உள்ள போதைப்பொருளும் பட்டையில் முன்னரே பதிக்கப்பட்ட பொருளும் போட்டியிடுகின்றன. மாதிரியில் போதைப்பொருள் இருந்தால் கோடு தோன்றாது, இல்லையெனில் தோன்றும். புதிதாகப் பணியேற்போர் தலைகீழாகப் படித்துவிடும் இடம் இது. எதிர்ப்பொருளோ உருவில் ஒத்த வேறு பொருளையும் பற்றிக்கொள்ளும். முறையான மருந்துச் சீட்டின்படி கோடீன் உட்கொண்டவருக்கும் ‘உண்டு’ என்ற முடிவு வரலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக நாம் கொள்பவையே. 1,000 பேரில் 100 பேர் போதைப்பொருள் உட்கொண்டவர். சோதனை அவர்களுள் 90 பேரைக் கண்டுபிடிக்கிறது. உட்கொள்ளாத 900 பேரில் 95 விழுக்காட்டினரைச் சரியாக விடுவிக்கிறது. எஞ்சிய 45 பேர் தவறாகச் சிக்குகின்றனர். ‘உண்டு’ என்று வந்த 135 பேரில் மூன்றில் ஒருவர் குற்றமற்றவர்! சோதனை ‘95 விழுக்காடு துல்லியம்’ என்ற விளம்பரம் பொய்யன்று; அது வேறொரு வினாவுக்கு விடை. உட்கொள்வோரின் எண்ணிக்கை குறையக் குறைய, அதாவது திட்டம் வெற்றிபெறப் பெற, தவறாகச் சிக்குவோரின் விகிதம் ஏறும் என்பதையும் கவனிக்க.

இதற்கு மருந்து, ஆய்வகத்தில் செய்யும் உறுதிச் சோதனை. பொருள்களைப் பிரித்து, அவற்றின் மூலக்கூறு நிறையைக் கொண்டு அடையாளம் காணும் முறை அது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தின்படி, முடிவு ‘உண்டு’ என வந்து, சிறைக்குச் செல்லும் நிலை ஏற்பட்டு, சம்பந்தப்பட்டவர் அதை மறுத்தாலோ ஐயத்திற்கு வேறு காரணம் இருந்தாலோ மட்டுமே உறுதிச் சோதனைக்கு இடமுண்டு. அச்சோதனை சிறுநீரைக் கொண்டோ, சமமான துல்லியமுடையதென நீதிமன்ற நிர்வாகத் தலைமை தீர்மானிக்கும் வேறு முறையாலோ அமைய வேண்டும். மறுக்கத் தெரியாதவர், வழக்கறிஞர் இல்லாதவர், அலுவலரைப் பகைத்துக்கொள்ள அஞ்சுபவர் ஆகியோருக்கு இந்த ஏற்பாடு போதுமானதன்று என்பது என் கருத்து. கோப்புகளோடு பழகியவர்கள் அறிவார்கள்: ‘உண்டு’ என்ற ஒரு சொல் குறிப்பில் ஏறிவிட்டால், அடுத்த மேசைக்குச் செல்லும்போது ‘முதற்கட்டச் சோதனையில்’ என்ற அடைமொழி உதிர்ந்துவிடும்.

நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், 39ஆம் பிரிவின் கீழ், சிறிய அளவு தொடர்பான குற்றம் புரிந்த அடிமைப்பட்டவரை அவருடைய சம்மதத்தோடு, பிணைமுறி பெற்று, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற விடுவிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளிக்கிறது. ஓராண்டுக்கு மிகாத காலத்திற்குள் அவர் நேர்நின்று சிகிச்சையின் விளைவைப் பற்றிய அறிக்கையை அளிக்க வேண்டும். அவ்வறிக்கையில் சோதனை முடிவு இடம்பெறுமாயின், மாதிரி எது, எடுத்த நாளும் நேரமும், எல்லை அளவு, உறுதிச் சோதனை நடந்ததா, அவர் உட்கொண்டு வரும் மருந்துகள் எவை என்பன முடிவு எழுதப்பட்ட அதே தாளில் இருக்க வேண்டும்.