வளைந்த கண்ணாடியும் பின்னால் வரும் லாரியும்

பைக், கார்களின் பக்கவாட்டுக் கண்ணாடிகள் பெரும்பாலும் வெளிப்பக்கம் புடைத்த குவி ஆடிகள். ஒளிக்கதிர்களை அவை விரித்துத் திருப்புவதால் சாலையின் அகலமான பகுதி கண்ணில் படும். ஆனால் பிம்பம் சிறுத்துவிடும். சிறியதாகத் தெரியும் வண்டி தூரத்தில் இருப்பதாக நம் மூளை கணக்குப் போடுகிறது. உண்மையில் பின்னால் வரும் அந்த வண்டி, கண்ணாடி காட்டுவதைவிட நெருங்கி வந்திருக்கும். காரில் தடம் மாறும் முன் உள்ளே இருக்கும் தட்டையான கண்ணாடியையும் பாருங்கள். தூரம் அதில்தான் சரியாகப் பிடிபடும். பைக்கில் அந்த வசதி கிடையாது. தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தே ஆக வேண்டும். இதில் சோம்பல் கூடவே கூடாது.

சவரத்துக்கும் மேக்கப்புக்கும் வாங்கும் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி, குவி ஆடிக்கு நேர்மாறாக உட்பக்கம் குழிந்த குழி ஆடி. முகம் அதன் குவியத் தூரத்துக்குள் இருந்தால்தான் நேரான, பெரிய பிம்பம் தெரியும். விலகினால் கலங்கி, பிறகு தலைகீழாகும். கடையிலேயே, நீங்கள் வழக்கமாக நிற்கும் தூரத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

அதை வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். சூரிய ஒளியை ஓரிடத்தில் குவித்துத் திரைச்சீலையைப் பற்றவைத்துவிடக்கூடும். வேலை முடிந்ததும் துணி போட்டு மூடிவிடுங்கள்.