இராம நாடகமும் இழந்த மெட்டுகளும்

மேலை நாட்டார் 'ஆப்பெரா' என்று போற்றும் இசை நாடகத்திற்கு இருவகை ஏடுகள் உண்டு. ஒன்று, வாத்தியக் குழு முழுவதற்கும் உரிய பெரிய ஏடு. மற்றொன்று பாடகர் ஏடு. இதில் பாடுவோர் பகுதி முழுவதும் சுரக் குறிப்புடன் இருக்கும்; வாத்தியங்களின் பங்கு மட்டும் பியானோவில் இரு கைகளால் வாசிக்கும் அளவுக்குச் சுருக்கப்பட்டிருக்கும். ஒரு பியானோவும் பாடத் தெரிந்த நாலு பேரும் இருந்தால், உலகம் மறந்த நாடகத்தையும் வீட்டுக் கூடத்திலேயே பாடிப் பார்த்துவிடலாம். இத்தாலிய இசைமேதை வெர்டியின் 'ஸ்டிஃபேலியோ' 1850இல் திரியெஸ்தே நகரில் அரங்கேறிப் பின் வழக்கொழிந்தது. 1968இல் பார்மா நகரில் அது மீண்டும் மேடையேறியதற்குக் காரணம், எழுதி வைத்த பிரதிகள் கிடைத்ததுதான்.

நம் இராம நாடகக் கீர்த்தனைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. இதை இயற்றிய அருணாசலக் கவிராயர் (1711–1779) தில்லையாடியில் பிறந்து சீர்காழியில் வாழ்ந்தவர். கம்பன் காவியத்தை நாடகமாக்கினார். அவரிடம் பாடம் கேட்ட சட்டநாதபுரம் கோதண்டராமையரும் வெங்கடராமையரும் பாடல்களுக்கு மெட்டமைத்தனர். அரங்கேற்றம் திருவரங்கத்தில் நடந்தது என்பது மரபு. அதற்கு முன்னர் அரங்கன் மீதே ஒரு பாடல் பாட வேண்டியதாயிற்று என்றும், அதுவே 'ஏன் பள்ளிகொண்டீர் ஐயா' என்றும் சொல்வர். மருங்காபுரிப் பக்கத்து நண்பர்கள் திருவரங்கம் செல்லும்போது, தாயார் சந்நிதிக்கு எதிரேயுள்ள கம்பர் மண்டபத்தின் முன் சற்றே நின்று இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

நூல் அழியவில்லை, பலமுறை அச்சேறியது. ஆனால் அந்தப் பதிப்புகளில் பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும்தான் உண்டு; சுரம் இல்லை. இராகத்தின் பெயர் ஊரின் பெயரைப் போன்றது. எந்தத் தெருவழியே நடந்தார்கள் என்பதை அது சொல்லாது. குருவின் வாயிலிருந்து சீடன் செவிக்குச் சென்ற மெட்டு, இடையில் ஒரு தலைமுறை பாடாமல் விட்டதும் போயிற்று. 'யாரோ இவர் யாரோ' பழைய நூலில் சாவேரி. இன்று மேடையில் பைரவி. 'கண்டேன் கண்டேன்' என்பதைப் பாகேஸ்ரீயில் கேட்டவர்கள் பலர். வடக்கிலிருந்து வந்த அந்த இராகத்தைச் சட்டநாதபுரத்து ஐயர்கள் கையாண்டிருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) இவற்றுள் பலவற்றுக்குப் புது மெட்டு அமைத்து மேடைக்குக் கொண்டுவந்திராவிட்டால் இத்தனையும் மிஞ்சியிராது. அந்தக் கடன் பெரிது. எனினும் கச்சேரியில் நாடகம் போய்த் தனிக் கீர்த்தனைதான் நிற்கிறது. மிதிலைக் கன்னிமாடத்தில் நிற்பவளைக் கண்டு இராமன் வியந்து கேட்கும் கேள்விதான் 'யாரோ இவர் யாரோ'. அதற்கு முன் கதையை நடத்தி வரும் விருத்தம் இல்லாமல் கேட்டால், அது யார் யாரைக் கேட்பது என்பதே பலருக்குப் புரிவதில்லை. அனுமன் ஓடிவந்து சொல்லும் செய்தியும் அப்படியே. இலங்கையும் கடலும் இல்லாத வெறும் செய்தியாகிவிடுகிறது.

பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி (1901–1973) செய்து காட்டிய வழி ஒன்று உண்டு. தஞ்சை சாஹஜி மன்னர் திருவாரூர்த் தியாகேசர் மீது தெலுங்கில் இயற்றிய 'பல்லகி சேவா பிரபந்தம்' என்னும் இசை நாடகத்தை 1955இல் சுரதாளக் குறிப்புடன் அவர் பதிப்பித்தார். மேலை நாட்டார் பாடகர் ஏட்டை வைத்துக்கொள்வதுபோல், அந்நூலை வைத்துக்கொண்டு யாரும் அந்நாடகத்தைத் தொடக்கம் முதல் பாடலாம்.

இராம நாடகத்திற்கும் பாதி ஏடு நம் கையில் இருக்கிறது. இராகம் தெரியும், தாளம் தெரியும். தருக்களின் சந்தமும் எதுகையும் எந்த எழுத்தில் அடி விழ வேண்டும் என்பதைக் காட்டிக் கொடுக்கின்றன. பழைய மெட்டைத்தான் மீட்டோம் என்று யாரும் மார்தட்ட முடியாது. ஆனால் பாடல்களின் வரிசையை மீட்கலாம், விருத்தத்தை அதன் இடத்தில் வைக்கலாம், சாவேரியைச் சாவேரியாகப் பாடிப் பார்க்கலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு தம்புரா, ஒரு மிருதங்கம், நூலகத்து அச்சுப் பிரதி ஒன்று, குரல் உள்ள மாணவர் நால்வர். பாலகாண்டத்தில் மிதிலைக் காட்சியை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டால் ஒரு மாலை நேரத்தில் பாடி முடித்துவிடலாம்.