கண் தங்கும் இடமும் நுணுக்கத்தின் அளவும்

கேள்வி: டேப்லெட்டில் வரையப்பட்ட ஒரு போர்வீராங்கனையின் மார்பளவு உருவப்படத்தில் தலைமயிர் இழை இழையாகவும், கவசத்தின் ஆணிகளும் கழுத்து நகைகளும் ஒன்றுவிடாமலும் தீட்டப்பட்டுள்ளன. ஆனாலும் முகம் தட்டையாகத் தெரிகிறது. பார்ப்பவர் கண் எங்கும் நிலைப்பதில்லை. இன்னும் எதை நுணுக்கமாக்கினால் படம் உயிர்பெறும்?
— வாசகர், திருச்சி

பதில்: இப்படத்திற்கு மேலும் நுணுக்கம் தேவையில்லை, இருக்கும் நுணுக்கத்தில் ஏற்றத்தாழ்வு தேவை. திரையில் எந்தப் பகுதியையும் பல மடங்கு பெரிதாக்கி வரைய இயல்வதால், கவசத்தின் ஓர் ஆணி கூட வரையப்படும் வேளையில் கண்ணுக்கு இணையான பரப்பைப் பெற்றுவிடுகிறது. பார்ப்பவரோ முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் காண்கிறார். கூர்மையான விளிம்பும், வெளிச்சமும் இருளும் நெருங்கி மோதும் இடமும் எங்கிருக்கின்றனவோ அங்கேதான் அவர் பார்வை முதலில் செல்லும். அத்தகைய இடங்கள் படம் முழுவதும் சமமாகச் சிதறிக் கிடந்தால் அது எங்கும் தங்காது.

இதற்குச் சிறந்த பாடம், டச்சு ஓவியர் யோஹன்னஸ் வெர்மீர் 1665 வாக்கில் தீட்டிய ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ ஆகும். ஹேக் நகரின் மொரித்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் உள்ள இது, ‘ட்ரோனி’ என்னும் வகையைச் சேர்ந்தது; அதாவது குறிப்பிட்ட ஒருவரின் சாயலைப் பதிவு செய்யாமல், ஒரு பாவத்தையோ ஒரு மாந்த வகையையோ காட்டும் தலையோவியம். இன்றைய கதாபாத்திர உருவப்படத்தின் மூதாதை என அதனைக் கொள்வது மிகையாகாது. அப்படத்தின் புகழ்பெற்ற முத்தை நெருங்கிப் பார்த்தால், மேலே அழுத்தமாக வைத்த ஒரு வெள்ளைத் தீற்றலும், கீழே வெண்கழுத்துப்பட்டையின் மங்கலான எதிரொளியும் மட்டுமே இருக்கின்றன. அது தொங்குவதற்கான கொக்கி கூட வரையப்படவில்லை. மூக்குத்தண்டுக்கும் கன்னத்துக்கும் இடையே கோடு இல்லை; இரண்டும் ஒரே தொனியில் கரைகின்றன. ஈர உதட்டிலும் கண்மணிகளிலும் மட்டும் சிறு ஒளிப்புள்ளிகள் கூர்மையாக நிற்கின்றன. 2018இல் தொடங்கிய அறிவியல் ஆய்வு, இன்று கருமையாகத் தெரியும் பின்புலத்தில் முன்பு ஒரு பச்சைத் திரைச்சீலை இருந்ததைக் காட்டியது. ஆகவே அந்த இருளைப் பார்த்துப் பின்னணியை முழுக் கருப்பால் நிரப்பும் இளம் ஓவியர்கள், வெர்மீரின் தேர்வை அன்றி, காலம் நிறமிகளில் செய்த மாற்றத்தையே பின்பற்றுகிறார்கள்.

படக்கட்டமைப்பு என்பது சட்டகத்துக்குள் உருவத்தையும் வெற்றிடத்தையும் ஒளி நிழல் திரள்களையும் அமைக்கும் முறை. அது நுணுக்கத்திற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். படத்தை ஏறத்தாழ 300 பிக்சல் உயரத்திற்குச் சுருக்கி, வெளிச்சம், இடைநிலை, இருள் என மூன்றே தொனிகளில் மீண்டும் வரைந்து பார்ப்பது நல்லது. அச்சிறு வடிவில் முகம் முதலில் தெரியவில்லையெனில், பெரிய அளவில் எத்தனை மயிரிழை சேர்த்தாலும் பயனில்லை. எல்லாவற்றுக்கும் மேலே சாம்பல் நிறம் நிரப்பிய ஒரு லேயரை வைத்து, அதன் கலப்பு முறையைக் ‘கலர்’ என மாற்றினால், நிறங்கள் மறைந்து தொனி மட்டும் எஞ்சும். தலை திரும்பியிருக்கும் திசையில் சற்றுக் கூடுதலான வெற்றிடம் விடுவதும், தோள்களைத் தலையின் திசையிலிருந்து சிறிது மாற்றித் திருப்புவதும் உருவத்தின் விறைப்பைக் குறைக்கும். கேன்வாஸை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் (க்ரிட்டா மென்பொருளில் எம் விசை இதனைச் செய்யும்) பழகிய கண்ணுக்குத் தப்பிய கோணல்கள் உடனே வெளிப்படும்.

முகம் தட்டையாவதற்குப் பெரும்பாலும் மென்விளிம்புப் பிரஷை எங்கும் பயன்படுத்துவதே காரணம். நெற்றியின் முன்பக்கம், அதன் பக்கவாட்டுச் சரிவு, கன்ன எலும்பின் மேற்பரப்பு, தாடையின் அடிப்பகுதி எனத் திசை மாறும் தளங்களாக முகத்தை முதலில் பிரித்து, எலும்பு தோலை ஒட்டியிருக்கும் இடங்களில் மாற்றத்தைத் தெளிவாகவும், சதைப்பற்றுள்ள இடங்களில் மெதுவாகவும் காட்ட வேண்டும். கண்ணின் வெண்பகுதியைத் தூய வெள்ளையால் நிரப்புவது மிகப் பரவலான பிழை. கண் உருண்டை வளைந்து செல்வதாலும், மேலிமையின் நிழல் அதன்மேல் விழுவதாலும் அப்பகுதி உண்மையில் சாம்பல் கலந்தே தெரியும். அந்த நிழற்பட்டை ஒன்றே பார்வைக்கு ஆழத்தைத் தருவதால், முகத்தில் செலவிடும் நேரத்தின் பெரும்பங்கு அதற்குத் தகும். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் காதுமடலின் மெல்லிய பகுதி செந்நிறமாக ஒளிர்வதும் இத்தகையதே: ஒளி தோலுக்குள் ஊடுருவிச் சிதறி, குருதியின் நிறத்தோடு வெளிவருகிறது.

குறிப்பிட்ட படத்தைப் பொறுத்தவரை, அதனை நகலெடுத்து, கவசத்தின் நிழற்பகுதி முழுவதையும் ஒரே இருண்ட திரளாக இணைத்து, முகத்துக்கு அருகே வெளிச்சம்படும் சில ஆணிகளை மட்டும் கூர்மையாக விடலாம். தலைமயிரைத் திரளாக அமைத்து, நெற்றியோரத்திலும் வெளிவிளிம்பிலும் சில இழைகளைப் பிரித்துக் காட்டினாலே போதும். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் அச்சுத் தரத்துக்கு 2480 × 3508 பிக்சல்கள் வேண்டும். அந்த அளவில் அச்சிட்டு, கைநீட்டும் தொலைவில் வைத்துப் பார்க்கையில் தெரியாத இழைகளை அழித்துவிடலாம்.