இந்த நோய் எந்த வழியாகக் கொல்லும்?

அன்புள்ள தங்கைக்கு,

மெடிக்கல் சர்ஜிகல் நர்சிங்கைத் திருப்பிப் படிக்க உட்கார்ந்தால் நோய்களெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன, நேற்றுப் படித்தது இன்று நினைவில் இல்லை என்று எழுதியிருந்தாய். உன் ஞாபகசக்தியைக் குறை சொல்லாதே. 1964-இல் முதல் பதிப்பு வந்த ப்ரன்னர் புத்தகத்திலிருந்து இன்றைய கைடுகள் வரை பெரும்பாலும் நோய்களை உறுப்பு வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் வரையறை, காரணம், அறிகுறி, பரிசோதனை, சிகிச்சை, நர்சிங் பராமரிப்பு என்று அடுக்கிக்கொண்டு போகின்றன. வேண்டியதைத் தேடி எடுக்க அந்த அடுக்கு வசதியானது. அதே அடுக்கில் மனப்பாடம் செய்யப் போனால், பத்து நோய்க்குக் காய்ச்சல், இன்னும் பத்துக்கு மூச்சுத்திணறல், எல்லாவற்றுக்கும் களைப்பு என்று வந்து நிற்கும். எதை முதலில் பார்க்க வேண்டும் என்று அந்த வரிசை சொல்லித்தராது. என் யோசனை ஒன்றுதான். எந்த நோயை எடுத்தாலும், இது ஒரு மனிதரை எந்த வழியாகக் கொல்லும் என்று முதலில் கேள். அந்த வழியில் உடம்பு இறங்கத் தொடங்கும்போது முதலில் மாறுவது எது, அதை நான் எதை வைத்துக் கண்டுபிடிப்பேன் என்று அடுத்துக் கேள். பெயரும் வகையும் காரணமும் அதற்குப் பின்னால் வரட்டும்.

கேள்வி கடுமையாகத் தோன்றலாம். ஆனால் நோய்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் உயிர் போகும் வழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். மூச்சுப்பாதை அடைபடும், நுரையீரலில் ஆக்சிஜன் ஏறாது, இதயம் ரத்தத்தைத் தள்ளாது, அல்லது தாளம் தவறும், குழாய்க்குள் இருக்க வேண்டிய நீர் வெளியே போய்விடும், கிருமி ரத்தத்தில் பரவும், மூளை அமுங்கும், சர்க்கரையோ பொட்டாசியமோ எல்லை தாண்டும். இந்தப் பாதைகளில் நோயாளி சத்தமில்லாமல் திடீரென்று விழுந்துவிடுவதும் குறைவு. அமெரிக்காவின் மயாமி நகரில் ஒரு பெரிய மருத்துவமனையின் சாதாரண வார்டுகளில் இதயம் நின்றுபோன 64 பேரைப் பற்றிய ஆய்வு 1990-இல் வெளியானது. அவர்களில் 84 சதவீதம் பேருக்கு, இதயம் நிற்பதற்கு முந்தைய எட்டு மணி நேரத்துக்குள் நிலைமை மோசமாவது கேஸ் ஷீட்டிலேயே எழுதப்பட்டிருந்தது. அதிலும் பெரும்பாலோருக்கு மாறியது மூச்சு அல்லது சுயநினைவு. எழுதியாகிவிட்டது, ஆனால் எழுதியதன் பொருள் யாரையும் ஓடவைக்கவில்லை. 2009-இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பார்த்தது. இறப்பு மிகக் குறைவான மருத்துவமனைகளில் 26.9 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. இறப்பு மிக அதிகமான இடங்களில் 24.6 சதவீதம். கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பெரிய சிக்கல் வந்தவர்களில் முதல் வகை இடங்களில் 12.5 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்ற வகையில் 21.4 சதவீதம். சிக்கல் எல்லா இடத்திலும் வருகிறது. வந்ததைக் கண்டுகொண்டு, ஆளைக் கூப்பிட்டு, நேரத்தோடு கைவைப்பதில்தான் இவ்வளவு பேரின் உயிர் இருந்தது. இருபத்து நாலு மணி நேரமும் படுக்கைக்குப் பக்கத்தில் இருப்பவர் நர்ஸ் என்பதால், இந்தக் கணக்கு நேராக நம்மிடம் வருகிறது.

நம் ஊரில் மழைக்காலம் வந்தால் வார்டை நிரப்பும் டெங்குவையே எடுத்துக்கொள். ஐந்தாம் நாள் காலை. காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டார் முகத்தில் நிம்மதி. டிஸ்சார்ஜ் எப்போது என்று கேட்கிறார்கள். பி.பி. 100/80. அறிகுறிப் பட்டியலை மட்டும் படித்தவளுக்கு இதில் ஒன்றும் தோன்றாது, மேல் எண் நூறு இருக்கிறதே என்று அடுத்த படுக்கைக்குப் போய்விடுவாள். டெங்கு கொல்வது பெரும்பாலும் ரத்தக்குழாய்ச் சுவர் கசிந்து பிளாஸ்மா வெளியேறுவதால், அந்தக் கசிவு உச்சத்துக்குப் போவது காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் என்று படித்தவளுக்கு அதே எண் வேறு மாதிரித் தெரியும். குழாய்க்குள் நீர் குறையக் குறைய உடம்பு குழாய்களைச் சுருக்கிப் பிரஷரைத் தாங்கிப் பிடிக்கிறது. அதனால் கீழ் எண் ஏறுகிறது, மேல் எண் அப்படியே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி 20 அல்லது அதற்கும் கீழே வந்துவிட்டால் அது ஷாக். கையைத் தொட்டுப் பார், சில்லென்று இருக்கும். நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப இரண்டு வினாடிக்கு மேல் ஆகும். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். வயிற்று வலியும் விடாத வாந்தியும் சேர்ந்திருக்கலாம். நேற்றைய பி.சி.வி.யையும் இன்றையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எண் ஏறியிருக்கும், ரத்தம் கெட்டியாகிவிட்டது என்பதற்கு அது சாட்சி. ஊர் முழுக்கப் பிளேட்லெட் எவ்வளவு என்றே கேட்கிறது. நீயும் அதை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றால் போதாது. இதே பாதையின் மறுபக்கமும் இருக்கிறது. 24 முதல் 48 மணி நேரத்தில் கசிவு நின்று, வெளியே போன நீர் குழாய்க்குள் திரும்பத் தொடங்கும். நேற்று உயிரைப் பிடித்துவைத்த டிரிப்ஸ் இன்றும் அதே வேகத்தில் ஓடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அப்போது முதலில் மாறுவது மூச்சின் எண்ணிக்கை.

ஒரு நோயில் இப்படிப் பாதையைப் பிடித்துவிட்டால் மற்றவற்றுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு உள்ளே ரத்தம் கசிந்தாலும் கதை இதுதான். பெரியவர்களின் உடம்பிலுள்ள சுமார் ஐந்து லிட்டரில் ஒன்றரை லிட்டரை நெருங்கும் வரை மேல் பிரஷர் விழாமல் நிற்கக்கூடும், அதற்கு வெகு முன்பே பல்ஸ் நூறைத் தாண்டும், மூச்சு வேகமாகும், ஆள் நிலைகொள்ளாமல் புரள்வார். இதயம் தளர்ந்தவருக்குத் தினமும் ஒரே நேரத்தில் ஏன் எடை பார்க்கிறோம்? உடம்பில் தங்கும் ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. கால் வீங்குவதற்கு முன் தராசு சொல்லிவிடும். சர்க்கரை ஏறி கீட்டோன் வந்தவருக்கு இன்சுலின் தொடங்கும்போது பொட்டாசியத்தை ஏன் பார்க்கிறோம்? இன்சுலின் அதைச் செல்லுக்குள் தள்ளும். ரத்தத்தில் அது சரிந்தால் இதயத்தின் தாளம் தவறும். சி.ஓ.பி.டி. நோயாளிகளில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும் ஆபத்து உள்ளவர்களுக்குச் சாச்சுரேஷனை 88-க்கும் 92-க்கும் நடுவில் வைக்கச் சொல்வதும் இதே விதமான காரணத்தால்தான். காரணம் தெரிந்தபின் இந்த எண்களை நீ மறக்கவே மாட்டாய்.

பரீட்சையில் நோய் வாரியாகத்தானே கேட்பார்கள், வரையறைக்கு மதிப்பெண் உண்டே என்பாய். உண்டு, அதையும் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அதிக மதிப்பெண் தரும் பராமரிப்புத் திட்டக் கேள்வியில், முன்னுரிமை எது, ஏன் என்பதற்குத்தான் விடை எழுத வேண்டியிருக்கிறது. பாதை தெரிந்தவளுக்கு அந்த வரிசை தானாக வரும். பட்டியலை மட்டும் வைத்திருப்பவள் ‘நோயாளிக்கு ஆறுதல் கூறுதல்’ என்று முதல் வரியில் எழுதிவிட்டு மூச்சுப்பாதையை ஐந்தாவது வரியில் வைப்பாள். நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை, நமக்கு எதற்கு இது என்று சீனியர்கள் சிலர் சொல்லக்கூடும். நான் நோயின் பெயரைச் சொல்லச் சொல்லவில்லை. நள்ளிரவில் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, “சார், பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கார்” என்று சொல்வதற்கும், “மூச்சு நிமிடத்துக்கு 28, பல்ஸ் 124, பி.பி. 100/80, கை சில்லென்று இருக்கிறது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை” என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதைக் கேட்டவர் எழுந்து வருவார்.

இன்னொரு மறுப்பு உண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. வார்டு முழுவதையும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் பார்க்கும் இரவில் யார் உட்கார்ந்து மூச்சை எண்ணுவது? நியாயமான கேள்வி. 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. ஆள் பற்றாக்குறையை நர்ஸின் சாமர்த்தியத்தால் ஈடுகட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆள் கேட்பதும் நோயாளியைக் காப்பாற்றும் வேலைதான். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: பட்டம் படித்த நர்ஸுகளின் பங்கு 10 சதவீதம் கூடிய இடங்களில் அந்த வாய்ப்பு 7 சதவீதம் குறைந்தது. படிப்புக்கும் உயிருக்கும் நடுவே தொடர்பு இருக்கிறது. நேரம் குறைவாக இருக்கும்போது அந்த நேரத்தை யாரிடம் செலவிடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். நாற்பது பேரில் இன்றிரவு எந்த நாலு பேர் சரியக்கூடும் என்பதை நோயின் பாதை தெரிந்தவள் டியூட்டி ஏற்கும்போதே குறித்துக்கொள்வாள்.

மூச்சை எண்ணுவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் வற்புறுத்திச் சொல்கிறேன். டி.பி.ஆர். சார்ட்டில் வரிசையாக எல்லோருக்கும் 20, 20, 20 என்று எழுதும் வழக்கத்துக்கு நீ போகாதே. பிரிட்டனில் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய, நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் நியூஸ் (NEWS) மதிப்பீட்டு முறையில் மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் பூஜ்யம். 21 முதல் 24 வரை இரண்டு புள்ளி. 25 ஆனால் மூன்று. ஒரே அளவீட்டில் மூன்று புள்ளி வந்தாலே அவசரமாக மறுபடி பார்க்க வேண்டும் என்பது அதன் விதி. புதிதாக வந்த குழப்பத்துக்கும் அதே மூன்று. ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது விரலில் மாட்டிய கருவி 97 காட்டும், மூச்சு தளர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருப்பதை அது சொல்லாது. பல்ஸ் பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணு. எண்ணுகிறாய் என்று தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிக்கொள்வார்.

இந்த வாரம் டெங்கு, இதயத் தளர்ச்சி, கீட்டோன் ஏறிய சர்க்கரை நோய், சி.ஓ.பி.டி., வயிற்று ஆபரேஷனுக்குப் பிந்திய முதல் நாள் இந்த ஐந்தையும் எடு. ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கம் போதும்: கொல்லும் வழி, முதலில் மாறுவது, அளக்கும் விதம், எந்த எண்ணில் டாக்டரைக் கூப்பிடுவது. புத்தகத்தை மூடிவைத்து எழுது, பிறகு திறந்து சரிபார். இதயத் தளர்ச்சியும் டெங்குவின் கடைசிக் கட்டமும் ஓரிடத்தில் ஒரே மாதிரி வரும்; அது எந்த இடம் என்று கண்டுபிடித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா