முன் சக்கரத்தைப் பார்த்து வண்டி வாங்கு

மூணு சக்கர ஸ்ட்ரோலர் ஒண்ணு வேணும், மடக்கினா கதவுக்குப் பின்னால அடங்கணும், காலையில பாப்பாவை உட்கார வச்சுத் தள்ளிக்கிட்டே ஓடவும் செய்யணும், எதை வாங்கட்டும்னு கேட்டிருக்க. நீ சேத்தூர்ல இருந்துக்கிட்டு கேக்குற. அதனால நம்ம தெருவை மனசுல வச்சே பதில் சொல்றேன். சின்னதா மடங்குற வண்டி வேற, ஓடுறதுக்கான வண்டி வேற. ரெண்டுக்கும் மூணு சக்கரம்தான். ஆன்லைன்ல பக்கத்துல பக்கத்துல படம் போட்டு, ரெண்டுக்கும் 'ஜாகர்'னு பேரையும் ஒட்டிடுறாங்க. நீ பேரைப் பார்க்காதே, முன் சக்கரத்தைப் பாரு.

ரெண்டும் பொறந்த கதையே தனித்தனி. மடக்கு வண்டியைக் கொண்டுவந்தவர் இங்கிலாந்துல ஓவன் மெக்லாரன்னு ஒரு விமான இன்ஜினியர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துல சக்கரத்தை மடக்கி உள்ள இழுக்குற அமைப்புல வேலை பார்த்தவர். அமெரிக்காவுல இருந்து வந்த மக, பேரப்பிள்ளையோட கனத்த வண்டியை வச்சுக்கிட்டு அல்லாடினதைப் பார்த்துட்டு, 1965-ல குடை மாதிரி மடங்குற லேசான வண்டியைச் செஞ்சார். ஓடுற வண்டி பொறந்தது அமெரிக்காவுல, வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமாவுல. ஃபில் பேக்லர்னு ஒருத்தர் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு ஓடணும்னு பழைய ஸ்ட்ரோலர்ல சைக்கிள் சக்கரத்தை மாட்டிப் பார்த்தார். 1984-ல அதையே 'பேபி ஜாகர்'னு தொழிலா ஆக்கினார். ஒருத்தர் கனத்தைக் குறைக்கப் பார்த்தார், இன்னொருத்தர் சக்கரத்தைப் பெருசாக்கப் பார்த்தார். இந்த ரெண்டு ஆசையும் ஒரே வண்டியில முழுசா நிறைவேறாது.

முன் சக்கரம் உள்ளங்கை அகலத்துல, கெட்டி பிளாஸ்டிக்காவோ ஃபோமாவோ இருந்தா அது மடக்கு வண்டி. 6-ல இருந்து 9 கிலோவுக்குள்ள இருக்கும். நடக்கத்தான் லாயக்கு. முன் சக்கரம் 12 அங்குலம், பின் சக்கரம் 16 அங்குலம், காத்தடிச்ச டயர், சக்கரத்துக்கு மேல ஸ்பிரிங், கைப்பிடியில பிரேக், இதெல்லாம் இருந்தா அதுதான் ஓடுற வண்டி. 10 கிலோவுக்குக் கீழ அனேகமா கிடைக்காது, 14 கிலோ வரைக்கும் போகும். மடக்கினாலும் அது கதவுக்குப் பின்னால அடங்காது, கட்டிலுக்கு அடியிலயும் போகாது. விலையும் சாதாரண வண்டியைப்போலப் பல மடங்கு.

இப்ப நம்ம தெருவுக்கு வா. பேவர் பிளாக் போட்ட இடத்துல எந்த வண்டியும் ஓடும். சங்கடம் வாறுகால்லதான். மேல மூடியிருக்கற கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல ரெண்டு விரற்கடை சந்து இருந்தாப் போதும், சின்ன முன் சக்கரம் அதுக்குள்ள இறங்கிடும். நாலு சக்கர வண்டியில ஒண்ணு இறங்கினா பக்கத்துல இருக்கறது தாங்கும். இதுல முன்னால இருக்கறதே ஒண்ணு. அது இறங்கினா வண்டி மூக்கு குத்தி நிக்கும், பாப்பா பெல்ட்டுல தொங்கும். அதனால வாறுகாலைத் தாண்டும்போது கைப்பிடியை அமுக்கி முன் சக்கரத்தைத் தூக்கிடு. பின் சக்கரம் ரெண்டுலயும் உருட்டித் தாண்டு. வாசப்படியில வண்டியைத் திருப்பி, நீ முதல்ல ஏறி, பின் சக்கரத்தை இழுத்து ஏத்து. சில மடக்கு வண்டியில முன்னால ரெண்டு குட்டிச் சக்கரத்தை ஒட்டி ஒண்ணா வச்சிருப்பாங்க. அந்த நடுச்சந்துல ஜல்லி மாட்டிக்கிட்டு சக்கரம் சுத்தாம இழுத்துக்கிட்டே வரும், அதையும் கவனி.

மூணு சக்கரத்துல சௌகரியமும் இருக்கு. ஒரு கையில பால் தூக்கையோ குடையையோ பிடிச்சுக்கிட்டு மறு கையால திருப்பலாம், சந்து முக்குல லேசா வளையும். ஆனா வேகமா வளைச்சா முன் மூலை பக்கமாச் சாயும், அங்க தாங்க சக்கரம் இல்ல. ரோட்டு ஓரம் சரிவா இருக்கற இடத்துல இது இன்னும் மோசம். பின் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல அகலம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. உங்க வீட்டு உள்வாசல் அகலத்தை டேப் வச்சு அளந்துக்கிட்டுக் கடைக்குப் போ.

கடையில காலி வண்டியைத் தள்ளிப் பார்க்கறது வீண். காலி வண்டி எல்லாமே வழுக்கிக்கிட்டுத்தான் போகும். 10 கிலோ அரிசிப் பை ஒண்ணைக் கொண்டுபோ, ஒரு வயசுப் பிள்ளை கனம் ஏறத்தாழ அவ்வளவுதான். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துட்டுப் போகட்டும். பையை சீட்டுல வச்சு பெல்ட் போட்டு, ஒரு கையால தள்ளு, திருப்பு, கடை வாசப்படியில ஏத்தி இறக்கு. பிரேக்கைப் போட்டுட்டு முன்னாலயும் பின்னாலயும் ஆட்டிப் பாரு. அப்புறம் உன் கைப்பையைக் கைப்பிடியில மாட்டு. வண்டி பின்னால மல்லாந்தா, தேங்காய் காய்கறிப் பையை அதுல மாட்டக் கூடாதுன்னு அங்கேயே தெரிஞ்சிடும். சாமானை அடியில இருக்கற கூடையிலதான் வைக்கணும். மாப்பிள்ளையையும் தள்ளச் சொல்லு. உயரமானவங்களுக்குக் கைப்பிடி எட்டாம குனிஞ்சு தள்ளினா முதுகு போயிடும், அவர் எட்டு வைக்கிறப்ப கால் பின் அச்சுலயும் இடிக்கும். நைட்டியோ சேலையோ, நீ தினமும் உடுத்துறதையே உடுத்திக்கிட்டுப் போ. பின் சக்கரத்துல முதல்ல சிக்குறது சுடிதார் ஷாலும் சேலைத் தலைப்பும்தான். தலைப்பை இழுத்துச் சொருகிக்கிட்டாலே சிக்காம தள்ள முடியுதான்னு அங்கயே தெரிஞ்சிடும்.

இராஜபாளையத்துல கடைக்குள்ள நிக்கறது பெரும்பாலும் நாலு சக்கரம்தான். மூணு சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கணும்னா மதுரைக்குப் போறது நல்லது.

மடக்குற கீல்ல விரல் வச்சுப் பாரு, பேனாவை வச்சுப் பார்த்தா இன்னும் நல்லது. 2009 நவம்பர்ல அமெரிக்காவுல மெக்லாரன் வண்டி ஏறத்தாழ 10 லட்சத்தைத் திருப்பி அழைச்சாங்க. விரிக்கும்போது கீல்ல விரல் மாட்டி 12 பிள்ளைங்களுக்கு விரல் நுனி துண்டாயிருந்துச்சு. இவ்வளவு பேர் வாங்கின கம்பெனியிலேயே இப்படின்னா, பேர் தெரியாத கம்பெனி வண்டியைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. மடக்குறப்பவும் விரிக்கறப்பவும் பாப்பா வேற ஒருத்தர் இடுப்புல இருக்கணும். பெல்ட் அஞ்சு முனையா இருக்கணும்: தோளுக்கு ரெண்டு, இடுப்புக்கு ரெண்டு, காலுக்கு நடுவுல ஒண்ணு. கால் பெல்ட் இல்லாதது வேண்டாம், பிள்ளை வழுக்கி இறங்கிடும். அரைஞாண் கயிறு பக்கிளுக்கு அடியில சிக்கி இடுப்புல பதியும், அதை மேல தள்ளிவிட்டுட்டு பெல்ட் போடு. அம்மா எப்படியும் வண்டியில திருஷ்டிக் கயிறு கட்டத்தான் போறாங்க. கட்டட்டும், பின் சக்கரத்துப் பக்கத்துல இறுக்கமா, நுனி தொங்காம கட்டச் சொல்லு. பிள்ளை முகத்துக்கு நேரா எந்தக் கயிறும் தொங்கக் கூடாது.

பாப்பாவுக்கு இன்னும் தலை நிக்கலை. இப்ப வாங்குனா முதுகு முழுசா படுக்கிற மாதிரி இருக்கணும். தலை நிக்காத பிள்ளையை நிமிர்த்தி உட்கார வச்சா கழுத்து முன்னால சரிஞ்சு மூச்சுக்குத் தடங்கலாகும். வண்டியில தூங்கிட்டா வீட்டுக்கு வந்ததும் எடுத்துத் தூளியிலோ பாயிலோ போட்டுடு.

இப்ப ஓட்டத்துக்கு வரேன். முதல்ல உன் உடம்பைப் பாரு. இங்கிலாந்து பிசியோதெரபி நிபுணர்கள் 2019-ல வெளியிட்ட வழிகாட்டியில, பிரசவம் முடிஞ்சு மூணு மாசம் ஆகாம ஓடவே வேண்டாம்னு எழுதியிருக்காங்க. சிசேரியன்னா டாக்டரைக் கேக்காம அந்தக் கணக்கையும் நம்பாதே. ஓடுற வண்டியில பாப்பா உட்காரணும்னா குறைஞ்சது ஆறு மாசம் ஆகணும், எட்டு மாசம் வரை பொறுக்கச் சொல்ற டாக்டரும் உண்டு. கழுத்தும் முதுகும் குலுக்கலைத் தாங்கணும்ல. ஆக இந்த நிமிஷத்துக்கு ஓடுற வண்டி உனக்குத் தேவையே இல்ல.

ஓடும்போது முன் சக்கரம் சுழலக் கூடாது, நேரா பூட்டியிருக்கணும். சுழல விட்டா ஒரு கல்லு தட்டினதும் சக்கரம் படபடன்னு ஆடி வண்டியைக் கவிழ்த்துடும். பூட்டு இல்லாத வண்டியை எவ்வளவு பெரிய சக்கரம் இருந்தாலும் ஓட எடுக்காதே. இன்னொண்ணு, முன் சக்கரத்தை லீவரைத் திருப்பிக் கழட்டி மாட்டுற வசதி. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2018-ல பிரிட்டாக்ஸ் கம்பெனி மேல வழக்குப் போட்டுச்சு. அவங்களோட 'பாப்' ஜாகர்கள்ல, ஏறத்தாழ 5 லட்சம் வண்டியில, லீவர் சரியா இறுகாம முன் சக்கரம் ஓட்டத்துல கழன்றதா புகார். பிள்ளைங்களும் பெரியவங்களும் காயப்பட்டாங்க. வண்டியில குறை இல்லேன்னு கம்பெனி சொல்லுச்சு, அந்த வருஷக் கடைசியில சமரசம் ஆச்சு. யார் சொன்னது சரியோ, நீ வெளிய கிளம்பறதுக்கு முன்னால முன் சக்கரத்தைத் தூக்கி ஒரு இழு இழுத்துப் பார்த்துட்டுப் போ. கைப்பிடியில இருக்கற கயிறு அலங்காரம் இல்ல, மணிக்கட்டுல மாட்டணும்.

எங்க ஓடறது? திருமங்கலம்–கொல்லம் ரோட்டுல வண்டியை இறக்காதே. கேரளா லாரியும் தென்காசி பஸ்ஸும் போற வேகத்துக்கு ஓரத்துல ஒதுங்க இடமே கிடையாது. பள்ளிக்கூட மைதானம், ஊருக்குள்ள போக்குவரத்து இல்லாத சிமென்ட் ரோடு, அவ்வளவுதான். கண்மாய்க்கரை நடக்க நல்லா இருக்கும், ஆனா அங்க சீமைக்கருவேல முள் காத்திருக்கு. காத்தடிச்ச டயர் அங்க போனா பஞ்சர்தான். பெரும்பாலான ஜாகர் ட்யூப்ல பைக்குக்கு இருக்கற மாதிரி வால்வுதான் இருக்கும், டூவீலர் பஞ்சர் கடையில காத்தடிச்சுக்கலாம். வாங்குறப்பவே அந்த வால்வைக் கேட்டுக்கோ. தெரு நாய் விரட்டினா ஓட்டத்தை நிறுத்திடு. இராஜபாளையம் நாய்க்கு ஊர் உலகத்துல பேர் இருக்கு, நம்மள விரட்டறது என்னமோ பேர் இல்லாத நாய்தான்.

ஆடி மாசக் காத்து செங்கோட்டைப் பக்கமிருந்து வீசறப்ப வண்டியோட மேல்கூரை பாய்மரமா மாறிடும். வண்டியை நிறுத்தினா கையை எடுக்கறதுக்கு முன்னால பிரேக். ரெண்டு நிமிஷம்தானேன்னு சும்மா விடாதே. சித்திரை வெயில்ல மேல துணியைப் போட்டு மூடவும் கூடாது, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியே ஆனாலும் சரி. சிட்னி பல்கலைக்கழகத்துல சோதிச்சு 2023-ல சொன்னாங்க: காய்ஞ்ச மஸ்லின் துணியால மூடினா வண்டிக்குள்ள சூடு ரெண்டரை டிகிரிக்கு மேல கூடுது, அதையே ஈரமாக்கி ஒரு சின்ன ஃபேனும் வச்சா அஞ்சு டிகிரிக்குக் கிட்ட குறையுது. துணி காய்ஞ்சா மறுபடி நனைக்கணும். அதைவிட வெயில் ஏறுறதுக்கு முன்னால வீட்டுக்கு வந்துடறது சுலபம்.

டவுன் பஸ்ல ஏறுறவளுக்கு எடைதான் முக்கியம். ஒரு கையில பாப்பா, மறு கையில மடக்கின வண்டி. 7 கிலோவுக்கு மேல போனா பின்னால நிக்கறவங்க வாயைக் கேக்கணும். ஒரு கையால மடக்க முடியுதா, மடக்கினது பூட்டிக்கிட்டு நிக்குதான்னு கடையில பாரு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆடிப்பூரத் தேர் அன்னிக்கு எந்த வண்டியும் வேண்டாம், இடுப்புதான் வண்டி.

சென்னையில இருக்கற சொந்தக்காரங்க கிட்ட பழைய ஜாகர் கிடைச்சா வேண்டாம்னு சொல்லாதே. டயர் ஓரத்துல வெடிப்பு இருக்கா, பெல்ட் நூல் பிரிஞ்சிருக்கா, கை பிரேக் கம்பி துரு ஏறியிருக்கா, முன் சக்கரப் பூட்டு 'டிக்'குன்னு விழுதான்னு மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லு. அந்த மாடலைத் திருப்பி அழைச்சிருக்காங்களான்னு மாடல் நம்பரைப் போட்டுத் தேடிப் பார்த்துடுங்க. இப்போதைக்கு முதுகு முழுசா படுக்கிற மடக்கு வண்டி ஒண்ணை மதுரையில பார்த்து எடு. ஓடுற வண்டியைப் பாப்பா சாயாம உட்கார ஆரம்பிச்ச பிறகு பேசிக்கலாம்.