காட்டிலும் தறியிலும் கை கால் பத்திரம்: வீட்டாருக்குச் சில குறிப்புகள்

வெண்ணந்தூர்ப் பக்கம் வீட்டையும் வேலையிடத்தையும் பிரிக்க முடியாது. முன்னால் தறி ஓடும், பின்னால் மரவள்ளிக் காடும் மாட்டுக் கொட்டகையும் இருக்கும். இங்கே பாதுகாப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எந்த ஆய்வாளரும் வரமாட்டார். வீட்டில் இருப்பவர்கள்தான் பார்க்க வேண்டும்.

1. மருந்தடிக்கும் முன் கொழுந்தைக் கிள்ளிப் பாருங்கள். 2020-ல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, பிறகு சேலம், நாமக்கல் காடுகளுக்கும் வந்துவிட்டது. இதை ஒழிக்க, அனகைரஸ் லோபெசி என்ற சின்னக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். குளவி முட்டையிட்ட மாவுப்பூச்சி உப்பி, பழுப்பாக இறுகிக் கிடக்கும். அப்படிச் சில கண்ணில் பட்டால் ஸ்பிரேயரை எடுக்காதீர்கள். அடித்தால் குளவியும் சேர்ந்து செத்துப்போகும். ஏத்தாப்பூர் நிலையத்திலோ வேளாண்மை அலுவலகத்திலோ கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

2. அடித்தே தீர வேண்டும் என்றால் டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய விஷம். அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வருடம் செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்ததால், அடித்த மருந்து முகத்திலேயே வந்து விழுந்தது. மரவள்ளியும் தலைக்கு மேல் வளரும் பயிர்தான், நினைவிருக்கட்டும். காலை வேளையில், காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடியோடு அடியுங்கள். நாசில் அடைத்தால் வாயால் ஊதக் கூடாது. ஒரு பழைய பல் பிரஷ் போதும்.

3. சமையலறை டம்ளரில் மருந்து அளக்க வேண்டாம். மீந்ததைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது அதைவிட ஆபத்து. மருந்தடித்த துணியை மற்ற துணிகளோடு ஊறப்போடாமல் தனியாகத் துவையுங்கள்.

4. மருந்தடித்தவருக்கு வியர்த்துக் கொட்டுகிறதா, எச்சில் வழிகிறதா, வாந்தி வருகிறதா, பார்வை மங்குகிறதா? உடனே துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவிவிட்டு 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து டப்பாவை மறக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சில மருந்துகளுக்கு அட்ரோபின் ஊசி உயிர் காக்கும், பாராகுவாட் களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது. எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் சட்டென்று வேலையைத் தொடங்க முடியும்.

5. சோளத்தட்டு வெட்டும் மிஷினில் கை போவது, பெரும்பாலும் கடைசிப் பிடித் தட்டைத் தள்ளும்போதுதான். அதைக் கையால் தள்ளாமல் அடுத்த கட்டை வைத்துத் தள்ளுங்கள். பெல்ட்டுக்கு மூடி போடுங்கள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, தோள் துண்டைக் கழற்றி வைத்துவிட்டு மிஷின் பக்கம் போங்கள். விரல் துண்டாகிவிட்டால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், காப்பித்தூள் வைக்காதீர்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் பட்டால் கெட்டுவிடும். விரலையும் எடுத்துக்கொண்டு சில மணி நேரத்துக்குள் சேலம் போன்ற பெரிய ஊர் மருத்துவமனைக்குப் போய்விட்டால் திரும்ப ஒட்ட வாய்ப்பு உண்டு.

6. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்தத் தறிச் சத்தம் காதைக் கெடுக்கும். பஞ்சு வைத்தால் போதாது, மருந்துக் கடையில் காதடைப்பான் கேட்டு வாங்குங்கள். தறிப்பட்டறைக்குள் தூளி கட்டிக் குழந்தையைத் தூங்க வைக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். குழந்தை சத்தத்துக்குப் பழகித் தூங்கினாலும் காதுக்கு வரும் கேடு வந்துகொண்டுதான் இருக்கும்.

7. ராத்திரியில் கரண்ட் வந்ததும் மோட்டார் போட ஓடுகிறோம். ஈரக் காலோடு ஸ்டார்ட்டரைத் தொடாமல், உலர்ந்த பலகையின் மேல் நின்று போடுங்கள். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். 30 மில்லிஆம்பியர் கசிவு மின்தடுப்பான் வாங்கும் செலவு தண்டமில்லை. செல்போன் ஸ்டார்ட்டர் வைத்துக்கொண்டால் இருட்டில் வரப்பில் நடக்கவே வேண்டாம்.

8. இருட்டில் காட்டுக்குப் போயே ஆக வேண்டுமானால் டார்ச்சும் பூட்ஸும் வேண்டும். காவலுக்குக் காட்டில் படுப்பவர்கள் தரையில் படுக்காமல் கயிற்றுக் கட்டிலில் கொசுவலை கட்டிப் படுங்கள். கட்டுவிரியன் கடி வலிக்காமலே போகலாம். விடியற்காலையில் வயிறு வலித்து, இமை தானாகக் கீழே இறங்கினால் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வைத்து 108-ல் அனுப்புங்கள். பாம்பை அடித்து எடுத்துப்போகத் தேவையில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான் போடுகிறார்கள்.

9. நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றிலோ ஜவ்வரிசி ஆலைக் கழிவுத் தொட்டியிலோ யாரும் சட்டென்று இறங்க வேண்டாம். விளக்கை இறக்கி அணைகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு எரிந்தாலும் விஷ வாயு இருக்கலாம், சில வாயுக்கள் தீப்பற்றவும் செய்யும். டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவதும் கூடாது, அந்தப் புகையே ஆளைக் கொல்லும். உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்றப் பின்னாலேயே இறங்குகிற அண்ணன் தம்பியும் சேர்ந்து விழுகிறார்கள். இப்படி ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போன கதை தமிழ்நாட்டில் நிறைய உண்டு. மேலிருந்து காற்று அடிக்க ஏற்பாடு செய்துகொண்டே தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் சொல்லுங்கள். இறங்கும் எவருக்கும் இடுப்பில் கயிறும் மேலே பிடிக்க இரண்டு ஆளும் இருக்க வேண்டும்.

10. காய்ந்துபோன போரை இன்றைக்கே மூடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது அப்படி விட்டுவைத்த குழியில்தான். நாடு முழுக்க போர் போடும் ரிக் வண்டிகள் பக்கத்துத் திருச்செங்கோட்டிலிருந்தே போகின்றன. அப்படிப்பட்ட ஊரை அடுத்து இருக்கும் நாம், குழாய் வாயை இரும்பு மூடியால் வெல்டிங் வைத்து அடைக்காமல் விடலாமா? சாக்கைப் போட்டு கல்லை வைப்பது மூடியாகாது.

11. வெயிலில் களை எடுப்பவர்களுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்துக் கொடுங்கள். கரண்டி தலைதட்டியதாக இருக்கட்டும்.

12. பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் 18 முதல் 70 வயது வரை, வங்கிக் கணக்கு உள்ள யாரும் சேரலாம். வருடத்துக்கு 20 ரூபாய்தான், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். காட்டு வேலைக்கும் தறிக்கும் வருபவர்களையும் சேர்த்துவிடுங்கள். மே மாதக் கடைசியில் பணம் பிடிப்பார்கள். அப்போது கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்கிறதா என்று பாஸ்புக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.