பாட்டு இருக்கட்டும், பாடகர் மட்டும் ஒதுங்கட்டும்

அண்ணனின் அறுபதாம் கல்யாணத்தில் ஒரு பழைய சினிமாப் பாட்டைப் பாட வேண்டும் என்று அண்ணிக்கு ஆசை. எங்கு தேடியும் அதற்குக் கரோக்கி கிடைக்கவில்லை. கணினி முன் மூன்று ராத்திரி கண்விழித்து நானே குரலை நீக்கினேன். நான் முட்டி மோதித் தெரிந்துகொண்டவை இவை.

1. முதலில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டை இந்தக் காதில் ஒரு தடவை, அந்தக் காதில் ஒரு தடவை தனித்தனியாகக் கேளுங்கள். வயலின் ஒரு பக்கம், கிடார் ஒரு பக்கம் என்று பிரிந்து, குரல் மட்டும் இரண்டு காதிலும் சமமாக வந்தால் வேலை சுலபம். எல்லாமே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்டால் அது மோனோ பதிவு. 1950, 60-களின் படப்பாடல்கள் பெரும்பாலும் இப்படித்தான். பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவான ஆரம்பகாலத் தமிழ்ப் படங்களில் ஒன்று 1978-ல் வந்த 'ப்ரியா'. உங்கள் பாட்டு மோனோ என்றால் நேராக 5-ஆம் குறிப்புக்குப் போய்விடுங்கள். இடையில் இருப்பவை உதவாது.

2. ஆடாசிட்டி என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம். 2000-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பாட்டைத் திறந்ததும் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு அலைவரிசைகள் தெரியும். இடது ஓரத்து மெனுவில் 'ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுங்கள். கீழே உள்ளதை மட்டும் தேர்ந்தெடுத்து, 'எஃபெக்ட்' மெனுவில் 'இன்வெர்ட்' கொடுத்துவிட்டு ஓட விடுங்கள். குரல் மாயமாகியிருக்கும். மந்திரமெல்லாம் இல்லை, கழித்தல் கணக்குதான். குரல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதால், ஒன்றைத் தலைகீழாக்கிச் சேர்க்கும்போது ஐந்தில் ஐந்து போய்ப் பூஜ்யம் ஆகிவிடுகிறது. மோனோ பாட்டில் இதே வேலையைச் செய்தால் மொத்தப் பாட்டும் பூஜ்யம். நான் முதல் ராத்திரி ஸ்பீக்கர் கெட்டுப்போய்விட்டது என்று வயரைப் பிடுங்கிப் பார்த்தேன்.

3. இந்தக் கழித்தலில் குரலோடு பேஸ் கிடாரும் டிரம்மும் சேர்ந்தே போய்விடும். அவையும் நடுவில் இருப்பவைதானே. பாட்டு சோகை பிடித்தது போலக் கேட்கும். அதற்கு 'வோக்கல் ரிடக்‌ஷன் அண்ட் ஐசொலேஷன்' என்ற எஃபெக்ட் ஆடாசிட்டியிலேயே இருக்கிறது. அது 120 முதல் 9000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் மட்டும் கைவைக்கும். அதற்குக் கீழே உள்ள பேஸ் தப்பிக்கும். ஆண் குரலின் அடிநாதம் மிச்சமிருந்தால் 120-ஐ 90, 80 என்று இறக்கிப் பாருங்கள். இதே எஃபெக்ட்டில் உள்ள 'அனலைஸ்' என்பதை முதலில் ஓட்டினால், இந்தப் பாட்டில் பலன் இருக்குமா என்பதை அதுவே சொல்லிவிடும்.

4. வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த எம்பி3 வேண்டாம். சுருக்கும்போது இரண்டு பக்கங்களின் நுணுக்க வித்தியாசம் சிதைந்துவிடுவதால், கழித்த பிறகு தண்ணீருக்குள் இருந்து பாடுவது போன்ற சத்தம் மிஞ்சும். வீட்டில் பழைய சிடி இருந்தால் அதுவே உத்தமம்.

5. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. 2019-ல் டீசர் நிறுவனம் ஸ்ப்ளீட்டர் என்ற மென்பொருளை வெளியிட்டது. மெட்டாவின் டெமுக்ஸ் இன்னொன்று. இவை கழிப்பதில்லை. குரல் எப்படி இருக்கும், டிரம் எப்படி இருக்கும் என்று ஆயிரக்கணக்கில் கேட்டுப் பழகி, பாட்டைக் குரல், டிரம், பேஸ், மற்றவை என்று தனித்தனியாகப் பிரித்துவிடுகின்றன. மோனோவும் இவற்றுக்குச் சம்மதம். இவற்றை ஓட்டக் கட்டளை தட்டத் தெரியாதவர்கள் 'அல்டிமேட் வோக்கல் ரிமூவர்' என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். பட்டனை அழுத்தினால் போதும். பழைய கணினி என்றால் ஒரு பாட்டுக்கு ஒரு காபி நேரம் ஆகும்.

6. ஆனால் கோரஸும் செயற்கை நுண்ணறிவுக்குக் குரல்தான். பின்னணியில் பெண்கள் ஹம் செய்யும் இடங்களையும் வழித்துத் துடைத்துவிடும். அதனால் பிரித்த குரல் ஃபைலைத் தூக்கி எறியாதீர்கள். ஆடாசிட்டியில் இசையின்கீழ் அதையும் வைத்து, கோரஸ் வரும் இடங்களை மட்டும் விட்டுவிட்டு மீதியை வெட்டி எடுங்கள். அண்ணியின் பாட்டில் உயிரே அந்த ஹம்மிங்தான்.

7. எதிரொலியாக லேசாக ஒரு குரல் மிச்சமிருக்கும். அதை ஒழிக்க மல்லுக்கட்ட வேண்டாம். மேலே ஒருவர் பாடும்போது யாருக்கும் கேட்காது.

8. சுருதியைப் பாடுகிறவருக்கு ஏற்ப மாற்ற, 'சேஞ்ச் பிட்ச்' எஃபெக்ட்டில் செமிடோன் கணக்கில் ஏற்றி இறக்கலாம். அரைக் கட்டைக்கு ஒரு செமிடோன். ஆனால் 3 கட்டையிலிருந்து 4 கட்டைக்கு ஒரே செமிடோன்தான். நடுவில் மூன்றரை கிடையாது. ஒரேயடியாக ஐந்தாறு செமிடோன் நகர்த்தினால் வயலின் பொம்மை வயலினாகிவிடும். மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

9. கூடத்தில் பாடினால் ஒரு தொல்லையும் இல்லை. யூடியூபில் ஏற்றினால், குரல் இல்லாவிட்டாலும் இசையை வைத்தே அதன் தானியங்கிச் சோதனை பாட்டைக் கண்டுபிடித்துவிடக்கூடும். நம் நாட்டில் ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு.

10. தாளமில்லாத தொகையறாவோடு ஆரம்பிக்கும் பாட்டு என்றால், குரலை எடுத்தபின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட மௌனம்தான் இருக்கும். எங்கே பல்லவி எடுப்பது என்று தெரியாமல் பாடுகிறவர் மைக்கோடு விழிப்பார். 'ஜெனரேட்' மெனுவில் 'ரிதம் டிராக்' இருக்கிறது. பாட்டின் வேகத்துக்கு நாலு தட்டு தயார் செய்து, தாளம் தொடங்கும் இடத்துக்கு முன்னால் ஒட்டிவிடுங்கள். அண்ணி அந்த நாலு தட்டையும் விரலில் எண்ணிவிட்டுத்தான் பல்லவியைத் தொடங்கினார்.